தேவகி தைத்த பல்லவ ராஜா

மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையம் வந்தவள் தேவகி. நாடகக் குழுக்களுக்கு உடை தைத்துக் கொடுத்தாள். எந்தக் காலத்து ராஜாவாக இருந்தாலும் வெல்வெட் கோட்டு, ஜிகினா வேலை. அதுதான் வழக்கம், அவளும் அப்படியே தைத்தாள்.

1967-இல், நாடகக் குழு ஒன்றை நடத்திவந்த பூவராகவன் தன் குழுவுக்காகப் பல்லவர் கதை ஒன்றை நாடகமாக எடுத்தார். ராஜா வேஷம் அவருக்குத்தான். துணி வாங்கக் கிளம்பிய தேவகி, போகிற வழியில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தாள். பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக இருக்கிறது. பல தடவை கும்பிட்டுப் போன இடம்தான். அன்றைக்குத்தான் தையற்காரியாகப் பார்த்தாள். சிங்காதனத்தில் இருந்த ராஜாக்கள் உடம்பில் கோட்டு இல்லை. உயரமான கிரீடம், வயிற்றைச் சுற்றி ஒரு கச்சு, இடுப்பில் முடிச்சுப் போட்ட வேட்டி.

அப்புறம் மத்தியானங்களில் அங்கேயே உட்கார்ந்து வரைந்தாள். கல் தேய்ந்து தெரியாமல் போனதைக் கைலாசநாதர் கோயிலில் தேடிப் பிடித்தாள். வேட்டியைப் பின்னால் எப்படிச் செருகினார்கள் என்பது மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. புருஷன் சிட்டிபாபுவை நிற்கவைத்து, தறிக்கு நேரமாகிறது என்று அவன் முனக முனக, கட்டிக் கட்டி அவிழ்த்தாள். கடைசியில் மடிப்புகளைத் தைத்துக் கொக்கி வைத்தாள். சண்டைக் காட்சியிலும் அவிழாது. ராணியைச் சிற்பத்தில் உள்ளபடி மேலாடை இல்லாமல் மேடையேற்ற முடியாது என்பதால், அவளுக்கு உடம்பு நிறத்திலேயே ரவிக்கை தைத்தாள்.

பூவராகவனுக்குத் தொப்பை. அவர் ஒப்பவில்லை.

"சட்டை இல்லாம நின்னா ஜனங்க சிரிப்பாங்கம்மா."

"கச்சு தொப்பைய புடிச்சிக்கும்ணா. ஒரு நாள் கட்டிக்கினு நில்லுங்க. சிரிச்சா மறுநாளே வெல்வெட்டு தெச்சித் தரேன்" என்றாள் தேவகி.

முதல் நாள், அந்த உடையிலேயே அவர் நிற்க, திரை விலகியதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். பூவராகவனுக்கு வசனம் மறந்துபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல், தேவகி சொல்லிக் கொடுத்திருந்தபடி சிங்காதனத்தில் ஒரு காலை மடித்து, மறு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நம்ம பெருமாள் கோயில் செவுத்துல கீற ராஜா மாதிரியே கீறாரு."

சிரிப்பு நின்று கைதட்டல் எழுந்தது. அந்தத் தட்டலில் வசனமும் நினைவுக்கு வந்துவிட்டது.

ஆரணியிலிருந்தும் வேலூரிலிருந்தும் குழுக்கள் அவளைத் தேடி வந்தன. விஜயநகர நாடகம் ஒன்றுக்கு, வரதராஜர் கோயில் மண்டபத்துக் குதிரைவீரர்களைப் பார்த்து அங்கி தைத்தாள். யார் வந்தாலும் எந்த ஊர், எந்தக் காலம் என்றுதான் முதலில் கேட்பாள். அந்தக் காலத்துக் கோயில் எங்கே இருக்கிறதென்று விசாரித்து, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட்டாள்.