முந்நூற்று ஒன்றாம் பிரிவும் எங்கள் பன்றிகளும்

அரசு வேலைக்காக பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்த காலத்தில் அரசியலமைப்புச் சட்டம் எனக்கு ஒற்றை வரிக் கேள்விகளின் மூட்டை, அவ்வளவுதான். முந்நூற்று ஒன்றாம் பிரிவு எதைப் பற்றியது? நாடு முழுவதும் வியாபாரம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. எந்தப் பகுதியில் வருகிறது? பதின்மூன்றாம் பகுதி. எந்த நாட்டைப் பார்த்து எடுத்தது? ஆஸ்திரேலியா. பாறசாலையில் ஒரு மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில், சார் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். வேலை மட்டும் கிடைக்கவில்லை. ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தது, லிஸ்ட் காலாவதியானது, பிறகு எனக்கும் வயது வரம்பு தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. வீட்டுக்கு ஒருத்தர் இப்படி இருப்போம்.

எங்கள் வீடு கேரள எல்லையோரத்துக் குன்னத்துகாலில். கல்யாணத்தின்போது எனக்குத் தந்த நிலம், வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அந்தப் பக்கம் என்றால் தமிழ்நாடு. சட்னிக்குத் தேங்காய் வேண்டுமென்றால் அங்கே போய்ப் பொறுக்கி வருவோம். எந்த மாநிலத்துத் தேங்காய் என்று அம்மிக்கல் கேட்டதில்லை.

என் கணவர் கட்டடவேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒருநாள் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு போயிற்று. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. சோறு வைத்தால் அப்படியே இருக்கும். இந்த மனிதர் இனி எழுந்திருக்க மாட்டார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அப்போது யாரோ யோசனை சொல்ல, மெல்ல எழுந்து போய் அந்த நிலத்தில் ஒரு பன்றிக்கூடு போட்டார். குட்டிகள் வந்த வாரமே விசிலடிக்கத் தொடங்கினார். அந்த விசில் சகிக்காது. ஆனாலும் அதைக் கேட்டபடி நான் அடுக்களையில் நின்று அழுதிருக்கிறேன்.

பன்றிக்கு வேண்டியது சாப்பாடு. உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் ரோட்டோர ஹோட்டல்களில் மிஞ்சும் சோறு, புரோட்டா, கப்பைக்கிழங்கு, மீன்தலை எல்லாவற்றையும் நீல டிரம்களில் வாங்கி, பெட்டி ஆட்டோவில் ஏற்றி, ஊடுவழியாக நிலத்துக்குக் கொண்டுபோய், வேகவைத்துப் போடுவார். ஹோட்டல்காரர்களுக்குத் தொல்லை விட்டது, எங்களுக்குத் தொழில் நடந்தது. இந்தச் சாப்பாட்டை இங்கே யாரும் தீவனம் என்று சொல்வதில்லை. வேஸ்ட் என்றுதான் சொல்வோம். “வேஸ்ட் எடுக்கப் போறேன்”, “இண்ணைக்கு வேஸ்ட் கொறவு” என்பதெல்லாம் எங்கள் வீட்டு அன்றாடப் பேச்சு. சர்ச்சில் அசனம் நடந்தால், விருந்தில் மிஞ்சியதை ஏற்றிக்கொண்டு வந்து, “நல்ல ஒண்ணாந்தரம் வேஸ்டாக்கும்” என்று பெருமையாகச் சொல்வார்.

இதற்கிடையில் கேரளத்திலிருந்து லாரிகளில் குப்பை கொண்டுவந்து தமிழ்நாட்டு எல்லையில் கொட்டுகிறார்கள் என்று பெரிய புகார் எழுந்தது. புகார் பொய்யில்லை. எங்கள் நிலத்தின் ஓரத்திலேயே ஒருமுறை ஊசியும் கையுறையுமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு என் கணவர்தான் அதை அள்ளினார். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? எனக்கே வந்தது. ஊடுவழிகளிலும் சோதனை தொடங்கியது.

ஒருநாள் காலையில் அவருடைய வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியவர் கிழக்கே எங்கிருந்தோ புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. நடந்ததை என் கணவரே பிறகு என்னிடம் சொன்னார்.

“டிரம்ல என்ன இருக்கு?”

“வேஸ்ட் சாறே. ஹோட்டல் வேஸ்டாக்கும்.”

“எங்கேருந்து கொண்டு வர்றீங்க?”

“கேரளாவுல இருந்து சாறே. தினமும் கொண்டு வாறதுதான்.”

கேரளா வேஸ்டைத் தேடி நின்றவர்களிடம் போய்த் தானாகவே சொல்லிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

போன் வந்து நான் ஓடிப்போனபோது, டிரம்கள் வெயிலில் இறங்கி நின்றன. நாலைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்போனில் படம் எடுத்தார்கள். என் கணவர் இடுப்பைப் பிடித்தபடி வண்டியில் சாய்ந்து நின்றார். அதிகாரி ஒரு பெட்டிக்கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், இது குப்பையில்ல. பன்னிக்குப் போடுத தீவனம். எங்களுக்க பன்னிக்கூடு அந்தா தெரியுது பாருங்க” என்றேன்.

“உங்க வீட்டுக்காரரே வேஸ்ட்னுதானேம்மா சொன்னாரு?”

“எங்க ஊருல அப்படித்தான் சார் சொல்லுவோம்.”

“நாளைக்கு ஆஸ்பத்திரி வேஸ்ட் கொண்டு வர்றவனும் இதையேதான் சொல்லுவான்.”

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைவு. “இந்தியா முழுக்க வியாபாரம் தடையில்லாம நடக்கணும்னு அரசியலமைப்புச் சட்டத்துல உண்டு சார். முந்நூத்தி ஒண்ணாம் பிரிவு” என்று கத்திவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பகுதி பதிமூணு. ஆஸ்திரேலியா” என்றார்.

நான் ஓரடி கிட்டே போய் நின்றேன்.

“தேர்வுக்குப் படிச்சீங்களா?” என்று கேட்டார்.

“பி.எஸ்.சி.க்கு. கிடைக்கல.”

“நானும் எழுதி எழுதிக் கையொடிஞ்ச பிறகுதாம்மா இந்த வேலைக்கு வந்தேன்” என்றவர், “ஆனா முந்நூத்தி நாலை விட்டுட்டீங்களே. பொதுநலனுக்காக மாநிலம் நியாயமான கட்டுப்பாடு போடலாம், இல்லையா?” என்றார்.

விடுவேனா? “அந்த மாதிரி மசோதாவுக்குக் குடியரசுத் தலைவருக்க முன் அனுமதி வேணும் சார்.”

“இந்த டிரம்முக்காம்மா?”

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. முகத்தில் வருத்தம்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் யாரோ, “ரெண்டு பேரும் நல்லாப் படிச்சிருக்காங்க” என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் புத்தகத்தை ஒரே மாதிரி உருப்போட்டவர்கள். அவர் நாற்காலியில் இருந்தார், நான் வெயிலில் நின்றேன். மேலிடத்து உத்தரவு என்றார். ஜே.சி.பி. வந்து குழி தோண்டி, வேகவைத்திருந்தால் ஒரு கூடு பன்றிக்கு வயிறு நிறைந்திருக்கும் சோற்றைப் புதைத்தது. வண்டியைக் கொண்டுபோனார்கள்.

பன்றிக்குப் பசித்தால் அது கத்துவது ஊருக்கே கேட்கும். அன்று மாலையிலிருந்து கேட்டது. சேம்பிலை, கப்பைத்தண்டு, பலாக்காய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுமந்து போய்ப் போட்டோம். மூட்டைத் தீவனம் வாங்கிப் போட்டுப் பன்றி வளர்த்தால், கடைசியில் அந்தப் பன்றியை மூட்டைக்காரனிடமே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். கூட்டை இந்தப் பக்கம் மாற்றலாமென்றால் எங்கள் வீட்டைச் சுற்றி வீடும் கிணறும்தான். விற்றுவிடலாமென்றால், நல்ல விலைக்கு எடுப்பவர்கள் எல்லாம் கேரளத்தில். அங்கேயோ பன்றிக்காய்ச்சல் காரணமாக வெளியிலிருந்து பன்றி கொண்டுவரத் தடை.

என் சொந்த மாநிலத்துக் கால்நடைத்துறை அலுவலகத்துக்கும் போனேன். கூப்பிடு தூரத்தில்தான் கூடு, அவை எங்கள் வீட்டுப் பன்றிகள்தான் என்று மலையாளத்தில் கெஞ்சினேன். அங்கிருந்த பெண் டாக்டர் கோபப்படவில்லை. “அசுகம் வந்நால் ஆரு ஸமாதானம் பறயும், சேச்சி?” என்று மட்டும் கேட்டார். நோய் வந்தால் யார் பதில் சொல்வது? கேள்வி சரிதானே. வீட்டில் பன்றி வளர்க்கிற நூறு பேரைப் பற்றி அவருக்குக் கவலை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தமிழ்நாடு சொன்னதும் பொதுநலன். கேரளம் சொன்னதும் பொதுநலன். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. அக்கிரமக்காரன் ஒருத்தன் இருந்தால் அவனைத் திட்டியாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு அதற்கும் வழியில்லை. பன்றியின் சோறு அந்தப் பக்கம் போகக்கூடாது, பன்றி இந்தப் பக்கம் வரக்கூடாது. நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இஷ்டம்போலப் போகலாம், வரலாம்.

பன்றிகளுக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியபோது, அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவர் வண்டி கொண்டு வந்தார். அவர் சொன்னதுதான் விலை. எல்லாம் ஏறிவிட்டன, தள்ளைப் பன்றி மட்டும் ஏறவில்லை. கூட்டில் பிறந்த எல்லாக் குட்டிகளையும் ஈன்றது அதுதான். கயிறு கட்டி இழுத்தும் அசையவில்லை. வியாபாரியின் ஆட்கள் கம்பை எடுத்தார்கள்.

“அடிக்காண்டாம்டே” என்று என் கணவர் தடுத்தார். கூட்டின் மூலையில் கிடந்த நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து, வண்டிக்குள் வைத்து, கையால் தட்டினார். தினமும் சோறு கொண்டுவந்ததும் அப்படித்தான் தட்டுவார். தள்ளைப் பன்றி காதைத் தூக்கியது. அவ்வளவு நாள் பட்டினி கிடந்த உடம்போடு ஓடி வந்து, பலகையில் ஏறி, டிரம்முக்குள் தலையை விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

என் கணவர் வீட்டுக்கு வந்து படுத்தார். பழைய மாதிரியே, அதே சுவர்.

எங்கள் பெட்டி ஆட்டோவை மழைக்காலம் கழிந்து திருப்பித் தந்தார்கள். இனி இப்படிக் கொண்டு வரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அது முற்றத்தில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. அவர் அதை எட்டிப் பார்ப்பதில்லை. டாக்டரிடம் போகலாம் வாங்க என்றால், “என்னத்துக்கு பிள்ளே?” என்கிறார். விசிலடியுங்கள் என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் உதியன்குளங்கரை ஹோட்டல்காரர் அவரைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு நான்தான் பக்கத்தில் வைத்தேன், யாரோடாவது பேசட்டும் என்று.

“அண்ணே, இஞ்ச வேஸ்ட் கெடந்து நாறுது. எடுக்க வருவீரா?”

இவர் திரும்பாமலே சொன்னார்: “இஞ்சயும் ஒரு வேஸ்ட் கெடக்கு மக்கா. அத எடுக்க யாரு வருவா?”

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். நான் போனை எடுத்து அணைத்தேன்.