ஆயிரம் குதிரைத்திறன் லீலண்ட்

லீலண்ட் ஸ்ட்ரோடுக்கு ஊரில் யார்மீதும் பொறாமை கிடையாது, மச்சினன் டெரலைத் தவிர. மற்றவர்கள்மேல் படவேண்டியதையும் சேர்த்து அவன் ஒருவன்மீதே பட்டுக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு தானியக் கிடங்கு. அங்கே லாரிகளை எடைபோட்டு உள்ளே விடுவது லீலண்டின் வேலை. மிச்ச நேரமெல்லாம் தன் டீசல் பிக்கப் வண்டியோடுதான் கிடப்பான். நாலு கதவு, தோல் இருக்கை, கறுப்புப் பெயின்ட். மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து அதன் இன்ஜினை முறுக்கேற்றியிருந்தான்.

வசந்தத்தில் மெர்ல் என்பவரின் வண்டிப் பட்டறைக்கு டைனோ வந்தது. வண்டியை உருளைகள்மேல் கட்டிப்போட்டு, நின்ற இடத்திலேயே சக்கரங்களை ஓடவிட்டு, இன்ஜினின் பலத்தை அளக்கும் எந்திரம் அது. லீலண்டின் வண்டி ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியபோது பட்டறையே கூச்சல் போட்டது. டெரலின் பழைய இரண்டு கதவு வண்டி எழுநூற்று அறுபதோடு நின்றுவிட்டது.

"விடு தம்பி, வயசான வண்டி. இவ்வளவு வந்ததே பெருசு" என்று லீலண்ட் அவன் முதுகில் தட்டினான். ஒரு வாரத்துக்கு லீலண்டுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. வண்டியின் பின்கண்ணாடியில் ஆயிரம் என்று வெள்ளை எழுத்தில் ஒட்டியும் வைத்தான்.

கோடையில் கால் மைல் பந்தயத் தடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். பச்சை விளக்கு எரிந்தது. லீலண்டின் வண்டி கரும்புகையைக் கக்கி, சக்கரம் வழுக்கி, ஒரு கணம் நின்ற இடத்திலேயே உறுமியது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பெரியது, விழித்துக்கொள்ள நேரம் பிடிக்கும். அது விழித்தபோது டெரல் நாலைந்து வண்டி நீளம் முன்னே போயிருந்தான். கடைசியில் துரத்தியும் இரண்டு வண்டி நீளம் பின்தங்கினான் லீலண்ட்.

தடுப்புக்கு அப்பாலிருந்து குதித்துக் கும்மாளமிட்டது அவன் மனைவி ரோண்டா.

"உனக்கு நான் புருஷனா, அவனா?"

"அவன் என் தம்பி. நீ ஜெயிச்சிருந்தா உனக்கும் குதிச்சிருப்பேன். ஜெயிச்சாதானே!"

டெரல் டைனோவில் பாதிதான் மிதித்திருக்கிறான், வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருக்கிறான் என்று லீலண்ட் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பேச்சு டெரலின் காதுக்கும் போனது. அவன் கோபப்படவில்லை. வண்டியை மறுபடி மெர்லுடைய பட்டறைக்கே ஓட்டிவந்தான்.

"நீயே ஏறி மிதி, லீலண்ட். உன் காலுக்காவது உண்மையச் சொல்லுதான்னு பாப்போம்."

லீலண்ட் மிதித்தான். அதே எழுநூற்று அறுபது. மெர்ல் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "டைனோவுல வண்டி எதையும் சுமக்கறதில்லப்பா. கட்டிப்போட்ட மாடு. தடத்துல அது தன்னையே இழுத்துக்கிட்டு ஓடணும். உன்னுது யானை மாதிரி கனக்குது. நாள் பூரா எடைபோடற ஆளுக்கு இது தெரியவேணாமா?"

அன்று சாயங்காலமே லீலண்ட் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தான். கருவிப்பெட்டி, மாற்றுச் சக்கரம், பின் இருக்கை எல்லாம் இறங்கின. வரவேற்பறையில் தோல் இருக்கையைப் பார்த்த ரோண்டா, "என்னையும் இறக்கி வச்சிருவியா?" என்று கேட்டாள். "நீ ஏற்கெனவே அவன் வண்டியிலதானே இருக்க" என்றான் லீலண்ட்.

அப்படியும் தோற்றான். முன்னைவிடக் குறைவான தூரத்தில், ஆனால் தோல்விதான்.

டெரலுக்கே மனசு கேட்கவில்லை. "வண்டிய மாத்திக்குவோமா? நீ என்னோடத ஓட்டு, நான் உன்னோடத ஓட்டறேன்" என்றான். லீலண்டுக்கு உள்ளே சர்க்கரை கரைந்தது. அந்தப் பழைய வண்டியில் என்னவோ ஒளித்து வைத்திருக்கிறான், இன்று தெரிந்துவிடும் என்று நினைத்தான்.

தெரிந்தது. டெரல் பிரேக்கை ஒரு காலால் அழுத்தியபடி மறுகாலால் டர்போவை மெல்ல எழுப்பி, விளக்கு மாறியதும் அலுங்காமல் வண்டியை விட்டான். லீலண்டின் ஆயிரம் குதிரைகளும் ஒன்றாகக் கிளம்பின. லீலண்ட் ஒருநாளும் எட்டாத நேரம் அன்று பலகையில் ஒளிர்ந்தது, லீலண்டின் வண்டிக்கு, டெரலின் பெயரில். டெரலின் வண்டியில் போன லீலண்ட் புகைக்குப் பின்னால் வந்து சேர்ந்தான்.

"வண்டி அற்புதம், லீலண்ட்! என்ன இழுவை!" என்று டெரல் மனசாரச் சொன்னான். ஏளனம் செய்திருந்தால் லீலண்ட் தாங்கியிருப்பான். இனி டைனோவையும் திட்ட முடியாது, எடையையும் திட்ட முடியாது. சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினான்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தடுப்போரம் நின்று டெரல் கிளம்புவதையே பார்த்தான். கேட்டால் டெரலே சொல்லிக்கொடுத்திருப்பான். லீலண்டுக்குக் கேட்க வாய் வரவில்லை. காட்டுப் பாதையில் தனியாகப் பழகினான்.

செப்டம்பரில் ஜெயித்தான். ஆனால் டெரல் வண்டியின் பின்சக்கர அச்சு நடுத்தடத்தில் படீரென்று முறிந்ததால் ஜெயித்தான். ஊரே டெரலை நோக்கி ஓடியது. ரோண்டா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தடத்தின் கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு லீலண்ட் காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை.

"ஜெயிச்சது நீதான்" என்றான் டெரல், அவன் திரும்பி வந்தபோது.

"நொண்டிய முந்தறது ஒரு ஜெயமா? எப்ப சரி பண்ணப்போற?"

"ஆள் கிடைச்சா."

அந்தக் குளிர்காலம் முழுக்க டெரலின் வண்டிக்கடியில் படுத்துக்கிடந்தது லீலண்ட்தான். விரல் மரத்துப்போகும் குளிரில் ஒவ்வொரு நட்டையும் தானே முறுக்கினான். "என் தம்பிமேல உனக்கு இவ்வளவு பாசமா?" என்று ரோண்டா காபியோடு குனிந்து கேட்டாள்.

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முழு வண்டியோட வரட்டும். அப்பத்தான் தோக்கடிக்க முடியும்."

மே மாதம் இருவரும் மறுபடி நின்றார்கள். டெரல் அரை வண்டி நீளத்தில் முந்தினான். அடுத்த சனிக்கிழமைக்கும் லீலண்ட் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.