அண்ணி மறைக்காத பக்கம்

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் சுவரில் ஓர் அர்த்தநாரி சிற்பம் உண்டு. அதன் முன்னால் என் அண்ணி நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. வெயில் தாங்காமல் நானும் அண்ணனும் நிழலுக்கு ஒதுங்கிவிட்டோம், அவர் நகரவில்லை. வலப்பாதி ஆண், தட்டையான மார்பு. இடப்பாதி பெண். புற்றுநோய்க்காக அண்ணியின் வலது மார்பை எடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தவர், "அழகாத்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அண்ணிக்கு மறைக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஜாக்கெட்டுக்குள் துணியைச் சுருட்டி வை, முந்தானையை இழுத்து விடு, விசேஷத்தில் பின்வரிசையில் உட்கார். அவரும் அப்படியே செய்தார். சுருட்டிய துணி வியர்வையில் தழும்பை உரசிப் புண்ணாக்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

பெரம்பலூரில் நாங்கள் போய்வந்த தையல் சங்கத்தில் அந்த வருடம் ஒரு போட்டி வைத்தார்கள். ஓவியமோ சிற்பமோ ஒன்றைப் பார்த்து, ஒரு முழ அளவில் ஒட்டுத்துணி விரிப்பு தைக்க வேண்டும். மேலே வெட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் பருத்தித் துணி, மூன்றையும் பிணைக்கும் ஓட்டுத்தையல். நாங்களெல்லாம் மயிலும் தாமரையுமாகத் தைத்துக்கொண்டிருக்க, அண்ணி அர்த்தநாரியை எடுத்துக்கொண்டார். கல் நிறத்துக்கு அண்ணனின் பழைய சாம்பல் பேண்ட்டுகளை வெட்டினார். இடது மார்புக்குக் கூடுதல் பஞ்சு. தட்டையான வலப்பக்கத்தில் மட்டும் சிற்பத்தில் இல்லாத ஒன்று: அக்குள்வரை ஓடும் சிவப்பு நூல் தையல்.

கண்காட்சிக்கு முதல் நாள் சங்கத் தலைவி அதன் முன் நெடுநேரம் நின்றார். "வேலை சுத்தமா இருக்குங்க. ஆனா நாலு பேரு வர்ற எடம். அந்தச் செவப்பு மேல பூ வச்சுத் தச்சுடுங்க, மாலை மாதிரி இருக்கும்."

"மாட்டேங்க," என்றார் அண்ணி.

"சாமி உருவத்துல காயம் இருக்கலாமா?"

"காயம் இல்லீங்க, ஆறிடுச்சு. என் உடம்புலயும் இருக்கு. வூட்டுல சொன்னாங்கன்னு மறைச்சேன். துணியிலயும் மறைக்கணும்னா நான் எதுக்குத் தைக்கணும்?"

போட்டியிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். தொங்கவிட மட்டும் வாசலில், செருப்பு விடும் இடத்தருகே ஓர் ஆணி கிடைத்தது. மறுநாள் அண்ணி ஜாக்கெட்டுக்குள் எதையும் வைக்காமல் வந்தார். அந்த ஆணிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவப்புத் தையலைக் காட்டி யார் கேட்டாலும், "கேன்சர் வந்து எடுத்த எடங்க," என்று உரக்கச் சொன்னார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணி குரலைத் தாழ்த்தவில்லை.

மதியத்துக்கு மேல் லப்பைக்குடிக்காட்டுப் பெண் ஒருவர், கூட வந்தவர்களை முன்னே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு கட்டி இருக்கு. அவுக துபாய்ல இருக்காக. மாமியாட்ட சொல்லப் பயமா இருக்கு. வலி இல்ல, அதான் வுட்டுட்டேன்."

"வலி இல்லன்னாலும் பாத்தே ஆகணும். திங்கக்கெழம திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஒங்க மாமியாட்ட நானே வந்து சொல்றேன்."

சொன்னபடியே போய்ச் சொன்னார். திங்கட்கிழமை பஸ்ஸில் நாங்கள் மூவரும் இருந்தோம். வழியில் பாடாலூரில் பஸ் நின்றதும் அந்தப் பெண் அழுதுகொண்டே எழுந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நல்லா அழுவுங்க. ஆனா எறங்க மட்டும் எறங்காதீங்க."

அவர் இறங்கவில்லை. இன்று அவர் நலமாக இருக்கிறார். அண்ணி மட்டும் இன்னும் அந்த பஸ்ஸில் போய்வந்துகொண்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் வேறொரு பெண்ணோடு.