அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு போத்தல்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு மரியாதையோடு வாசிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பிள்ளை பெற்று வந்த மனைவிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துப் போத்தலை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்த மனிதன் நான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று சொன்ன டாக்டரை விட்டுவிட்டு, கடலுக்கு அப்பாலிருந்து இரைச்சலோடு வந்த தொலைபேசிக் குரலை நம்பினேன், அவ்வளவுதான். அந்தப் போத்தலின் புண்ணியத்தில் இன்று எனக்கு ஒரு விசேஷ அறிவு வாய்த்திருக்கிறது. பொழிச்சலூரிலிருந்து பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகத் தாம்பரம் போகும் பஸ் பாதையில், ஒரு பெண் அவசரத்துக்கு நுழையக்கூடிய கதவுகள் எத்தனை என்று என்னைக் கேளுங்கள். ஏழு. அதில் இரண்டு எப்போதும் பூட்டியிருக்கும். ஒன்றில் பூட்டு இருக்கிறது, கதவுதான் இல்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், கனடாவிலும் நோர்வேயிலும் இருந்துகொண்டு பனியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். எங்களுக்குப் பனி இல்லை என்பதால் யாரும் எங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடலைத் தாண்டி வந்து இறங்கினால் இங்கேயும் தமிழ், இங்கேயும் வெயில், இங்கேயும் முருகன். அதனால் தனிமை இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். ஊரில் கணக்குப் பாட டியூஷன் சொல்லிக் கொடுத்தவன், இங்கே திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் போல்ட்டுகள் அளக்கிறேன். கேஜ் என்ற ஒரு இரும்புத் துண்டை வைத்து, எது இறுக்கம் எது தளர்வு என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. இறுக்கம், தளர்வு விஷயத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதை மட்டும் பார்க்கத் தவறினேன்.

மகள் பிறந்தது தாம்பரம் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில். போர்நிறுத்தம் நிலைக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். மனைவி மாலினியின் தாய், என் மாமி, ஊரிலிருந்து வந்துவிடுவார் என்று இருந்தோம். அவருடைய பாஸ்போர்ட் வரவில்லை, பிள்ளை வந்துவிட்டது. பெரிய தலை, என்னுடையது போல. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். கிழிசல் பின்வாசல் தசை வரைக்கும் போய்விட்டது, தைத்திருக்கிறோம் என்றார் டாக்டர். "மோஷன் டைட்டா போகவே கூடாது. இந்த சிரப்பைக் கட்டாயம் குடுங்க. தண்ணி நிறையக் குடிக்கட்டும்." நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

மூன்றாம் நாள் ஐஎஸ்டி பூத்தில் இருந்து மாமிக்கு அடித்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் கடுமை. மிளகும் மல்லியும் வறுத்து இடித்த சரக்குத் தூளில்தான் கறி, தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள். மாமி முழுச் செய்முறையையும் மூச்சுவிடாமல் சொன்னார். நான் சிரப்பைப் பற்றிச் சொன்னேன். "என்ன தம்பி, பச்சை உடம்புக்குப் பேதி மருந்தோ? பால் குடிக்கிற பிள்ளைக்கெல்லே வயித்தாலை போகும்! உந்த மருந்தை நிப்பாட்டுங்கோ" என்றார். நிப்பாட்டினேன். மாலினியிடம், மருந்து இரண்டு நாளைக்குத்தானாம், முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பிறகு அடுப்படியில் நின்று, கண்ணில் நீர் வழிய மிளகு இடித்து, ஊர் மணக்கச் சரக்குக் கறி வைத்தேன். பெருமையாக இருந்தது. மாமி இல்லாத குறையைத் தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் மாலினி கக்கூஸுக்குள் நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. "என்ன?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றாள். அந்த ஒன்றுமில்லை மூன்று மாதம் நீண்டது.

எங்கள் வீடு முதல் மாடி. விமானங்கள் தலைக்கு மேலே சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்கும் பாதை அது. வந்த புதிதில் ஒவ்வொரு முறையும் நாங்கள் இருவரும் குனிந்துவிடுவோம். ஊரில் விமானம் வந்தால் குனிந்து பழகிய முதுகுகள். இங்கே அது வெறும் பயணிகள் விமானம்தான் என்று முதுகுக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. மகள் பிறந்த பிறகு மாலினி விமானச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் காத்திருப்பதைக் கவனித்தேன். சத்தம் கிட்ட வந்ததும் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள். ஊர் நினைவு, கொழும்பு விமானமோ என்று மனம் கலங்குகிறாள் என்று நான் உருகினேன். வாயுவை அடக்க முடியாமல், அந்த இரைச்சலின் மறைவுக்காக அவள் காத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் ஒரு பெரிய பாரை மீன் வாங்கி வந்து ஊர் முறையில் குழம்பு வைத்தேன். ஊர் நினைவுக்கு மருந்தாம். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். வயிற்றுக்குள் எது போனாலும் அவளுக்குப் பயம். மாலையில் நான் மொட்டை மாடியில், அவள் உள்ளறையில், நடுவில் தூளியில் பிள்ளை. மூன்று பேரும் மூன்று தீவாக இருந்தோம்.

இடையில் ஒருநாள் போத்தலை எறிந்துவிடலாம் என்று வாளிக்குப் பின்னால் கையை விட்டேன். இல்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு செய்தேன். பொழிச்சலூர் எலிக்கு மலச்சிக்கல் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு பகிடியும் விட்டுக்கொண்டேன். மடையனுக்குச் சமாதானம் சுலபம்.

பிள்ளையின் பெயரை அகதிப் பதிவில் சேர்க்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. தாயும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாலினி காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவரை இங்கே ரைட்டர் என்பார்கள். அவர் கூப்பிட்டு, பெயர் கேட்டு எழுதத் தொடங்கியபோது மாலினி விருட்டென்று எழுந்து வாசலை நோக்கி நடந்தாள்.

"இன்னாம்மா, பேர் கேட்டுகினு கீறேன், நீபாட்டுக்கு எழுந்து போற?"

"குழந்தைக்குப் பசி சார், பால் குடுக்கப் போறா" என்றேன்.

ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு என் மடியைப் பார்த்தார். "குழந்தை உன் கையில கீது. அவங்க யாருக்குயா பால் குடுக்கப் போறாங்க?"

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தால், மதில் ஓரமாக, சேலைத் தலைப்பை இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள் மாலினி. அருகில் போனேன். "கிட்ட வராதையுங்கோ" என்றாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வீட்டில், பூட்டிய குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்துதான் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, வாறது தெரியுது. நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு. அண்டைக்குத் தையல் விட்டதிலையிருந்து இப்பிடித்தான். பிள்ளைபோல நானும் துணி கட்டிக்கொண்டு திரியிறன்."

கதவின் இந்தப் பக்கம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தேன். போத்தல் விஷயத்தைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். சோதித்துப் பார்த்துவிட்டு, தசை சரியாகச் சேரவில்லை என்றார். புண் முழுதாக ஆறட்டும், பயிற்சி செய்யட்டும், பிறகு திரும்பத் தைக்கலாம் என்றார். "எத்தனையோ பேருக்கு இது இருக்கு. வெட்கப்பட்டுக்கிட்டு வர்றதே இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, "அப்ப சிரப் குடுத்திருப்பாங்களே, குடிச்சீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாலினி, "குடிச்சனான், டொக்டர்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. முதல் இரண்டு நாள் குடித்ததைச் சொல்கிறாள், பாவம், என் பொய்யை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண், "காத்து போறத நிறுத்துற மாதிரி உள்ள இழுங்க, மூச்சைப் புடிக்காதீங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க" என்றார். தனியாகச் செய்ய மாலினிக்கு அழுகை வந்தது. அதனால் நானும் சேர்ந்து செய்தேன். காலையில் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் எதையோ தீவிரமாக யோசிப்பவர்கள் போல ஐந்து எண்ணுவோம். பட்டறையிலும் எனக்கு அது தொற்றிக்கொண்டது. "இன்னாண்ணா, போல்ட்ட அளக்க சொன்னா கடவுளப் பாத்தா மாதிரி மூஞ்சிய வச்சிகினு கீற?" என்றான் பக்கத்து மெஷின்காரன். யாரிடம் விளக்க முடியும்?

துணி துவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். லாரித் தண்ணீர் வரும் தெருவில் தண்ணீரை மறைத்துச் செலவழிக்க முடியாது. கீழே இருக்கும் வீட்டுக்காரர் மனைவி மும்தாஜ் அக்கா படிக்கட்டில் மறித்தார். "தம்பி, தப்பா நெனச்சுக்காத. தினம் இத்தினி கொடம் தண்ணி, இத்தினி துணி. இன்னா விஷயம்?"

"எனக்கு வயிறு சரியில்லை அக்கா. நேரத்துக்குப் போய்ச் சேர முடியிறதில்லை" என்றேன்.

அக்காவின் முகம் இளகியது. அன்றிலிருந்து தினமும் எனக்கு ஓமத் தண்ணீர் வந்தது. கூடவே செய்தியும் தெருவில் இறங்கியது. தண்ணீர் லாரி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, முழுத் தெருவுக்கும் கேட்க, "சார், வயிறு எப்டி கீது? கன்ட்ரோலுக்கு வந்துச்சா?" என்று விசாரிப்பார். பெட்டிக்கடையில் எனக்கு மட்டும் வாழைப்பழம் தர மறுத்தார்கள். ஒருநாள் டிரைவரின் குரல் மேலே கேட்டபோது, உள்ளறையில் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மாலினி தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் கட்டுப்பாடு போய்விடும் என்ற பயத்தில் ஒரு கையால் பின்னால் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு அப்படியே அழுதாள்.

சில மாதம் கழித்துத் திரும்பத் தைத்தார்கள். இந்த முறை சிரப்பை நானே அளந்து, நேரம் பார்த்து, மாமிக்குத் தொலைபேசி எடுக்காமல் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை. முதலில் அரை நிமிடம் பொறுக்க முடிந்தது. பிறகு படிக்கட்டு ஏறும் நேரம். பிறகு மும்தாஜ் அக்காவோடு கடை வரை போய்வரும் நேரம். சில நாள் எல்லாம் பின்னுக்குப் போய், மறுபடி துணி கட்டிக்கொள்வாள். வாயு மட்டும் கடைசிவரை சொல் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாலை விமானம் ஒன்று வீட்டை உலுக்கிக்கொண்டு போனபோது, அவள் எழுந்து போகாமல் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். நான் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அதே ஸ்டேஷன், அதே பெஞ்சு, அதே ரைட்டர். அன்று பேருக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுத்தான் வந்தாள். கைப்பையில் மாற்றுத் துணி இருந்தது. இரண்டு மணி நேரம். நான் கடிகாரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. ஐந்து எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் எண்ணினேன்.

ரைட்டர் பதிவேட்டைப் புரட்டினார். "புள்ள தாம்பரத்துல பொறந்துகீது. அப்புறம் இன்னாத்துக்கு சிலோன்னு எழுதிகீது?"

"பேச்சு வந்ததும் அவளும் அதைத்தான் கேப்பாள் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மாலினியிடம் புத்தகத்தைத் திருப்பிவைத்தார். அவள் எழுந்து, நிதானமாக நடந்து போய், கையெழுத்துப் போட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தாள். கைப்பை திறக்கப்படவே இல்லை.

வெளியே வந்ததும், "கோவளம் போவம். கடல் பாக்கோணும்" என்றாள். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் சுற்றிப் போகும் பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் எனக்குத் தெரிந்த கதவு ஒன்றுகூட இல்லை. "உம்மால ஏலுமோ?" என்று கேட்டேன். "ஏலாட்டி இறங்குவம்" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மேலே ஒரு விமானம் கடல் பக்கமாகத் திரும்பிப் போனது. மகள் என் தோளில் இருந்தபடி அதற்குக் கை காட்டினாள். யாரோ அவளுக்குச் சொந்தக்காரர்கள் உள்ளே இருப்பதுபோல. எனக்கு வழக்கம்போல, கொழும்புக்கோ என்ற யோசனை. முதுகு கொஞ்சம் குனிந்தும்விட்டது. மாலினி மேலே பார்க்கவே இல்லை. பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நேரான முதுகைப் பார்த்தபோது, இனியும் வைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு வருடத்துக்கு மேல் அடக்கிவைத்திருந்தது, ஒரு பயிற்சியும் இல்லாமல்.

"மாலினி, முதல்முறை தந்த அந்த மருந்து முடியேல்லை. நான்தான் போத்தலை அரிசி வாளிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சனான். உம்மட அம்மா சொன்னதைக் கேட்டு. அதாலதான் உமக்கு…"

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"தெரியும். பஸ் வருது, ஏறுங்கோ."