வெள்ளிக்கிழமை மகள்

அடையாறில் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில், வாசல் மேஜைமேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்கு நாலு விரற்கடை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால்தான் உள்கதவு திறக்கும். சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒருவன் உள்ளே புகுந்துவிட்டானாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. கையைப் பதிவு செய்ய நானும் அக்காவும் சேர்ந்துதான் போனோம். அக்கா என்றால் எட்டே நிமிஷம் மூத்தவள். ஒரே முகம், ஒரே குரல். ஐம்பத்தாறு வயதிலும் கபாலி கோயில் வாசலில் என்னை அவள் என்று நினைத்துப் பேசுகிறவர்கள் உண்டு.

மெஷின் பொருத்த வந்தவர் பொறுமைசாலி. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் தோலைத் தாண்டி உள்ளே போகும் என்றார். இதயத்துக்குத் திரும்பிப்போகிற ரத்தம் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்வதால், உள்ளங்கை ரத்தக் குழாய்கள் கேமராவில் கறுப்புக் கோடுகளாக விழும். கோடுகள் ஓடுகிற விதத்தை மெஷின் ஒரு கணக்காக மாற்றி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை கையைக் காட்டும்போது ஒத்துப்பார்க்கும். ரத்தம் ஓடுகிற கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா சும்மா இருப்பாளா? "நாங்க ரெட்டை. உங்க மெஷின் ஏமாறப்போறது பாருங்கோ" என்று என் பட்டனை அழுத்திவிட்டுத் தன் கையைக் காட்டினாள். 'பொருந்தவில்லை' என்று சிவப்பு எழுத்து வந்தது.

"ரெட்டைன்னாலும் வேற வேறதான் மேடம். வயித்துல இருக்கறப்பவே தனித்தனியா அமைஞ்சிடும். உங்க வலது கையும் இடது கையுமே ஒண்ணா இருக்காது" என்றார் அவர்.

"ரிப்பனை மாத்திக் கட்டிண்டு அம்மாவையே ஏமாத்தியிருக்கோம். இதுக்கு இன்னா கொழுப்பு பாரேன்!" வேண்டுமென்றே மெட்ராஸ் பாஷையில் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேனும் சேர்ந்து சிரித்தார்.

அன்றிலிருந்து செவ்வாய் என் முறை, வெள்ளி அவள் முறை. அறை எண்ணை அழுத்தினால் திரையில் 'மகள் 1', 'மகள் 2' என்று வரும். அக்கா ஒன்று, நான் இரண்டு. நம் பட்டனை அழுத்திக் கையைக் காட்டினால் கதவு திறக்கும். பஸ் டிக்கெட் அளவில் ஒரு சீட்டும் வரும். "அதக் குடு, புஸ்தகத்துக்கு அடையாளம் வெச்சுக்கறேன்" என்று அம்மா வாங்கிக்கொள்வாள். எதிரில் நிற்பவர் முகம் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். ஆனால் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கப் படிப்பாள்.

பங்குனியில் அக்கா போய்விட்டாள். காலையில் குளக்கரைப் பக்கம் காய் வாங்கப் போனவள், பையைக் கீழே வைத்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

அம்மாவின் இதயம் ஏற்கெனவே பலவீனம். எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் முடிவு செய்தேன், சொல்ல வேண்டாம் என்று. வெள்ளிக்கிழமைகளில் அக்காவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அவளைப் போல வாசலிலிருந்தே "அம்மோவ்!" என்று கத்திக்கொண்டு போனேன். அம்மா என் தலையைத் தடவி "வாடி பெரியவளே" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சாமர்த்தியம் எனக்கு. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுவேன். 'மகள் 1' பெயரை எடுத்துவிடட்டுமா என்று இல்லத்து மேனேஜர் கேட்டபோது மட்டும் வேண்டாம் என்றேன்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, விரல் தானாகவே 'மகள் 1' மேல் போய்விட்டது. கையைக் காட்டினேன். பொருந்தவில்லை.

புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "மேடம், கை ஜில்லுனு கீதா? ஜில்லுனு இருந்தா எடுக்காது. நல்லாத் தேச்சுக்கினு வையுங்க."

பைத்தியக்காரி, தேய்த்தேன்! எடுக்காது என்று தெரிந்தும் இரண்டு கைகளையும் சூடு பறக்கத் தேய்த்து மறுபடி காட்டினேன். இன்னொரு தரமும் காட்டினேன். ஒரே ஒரு தரம் ஏமாந்து தொலையக் கூடாதா அந்தச் சனியன் பிடித்த பெட்டி? பிறகு 'மகள் 2'வை அழுத்தினேன். கதவு திறந்தது.

"அம்மோவ்!" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

அம்மா சீட்டுக்காகக் கையை நீட்டினாள். கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவள், மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். உள்ளே கத்தை கத்தையாகச் சீட்டுகள். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. எல்லாவற்றிலும் 'மகள் 2'. நாலு மாதமாக நான் கொடுத்துக்கொண்டே இருந்த சீட்டை நான் ஒரு நாளும் படித்ததில்லை.

"எதுக்குடி ரெண்டு பேரா அலைஞ்சுண்டிருக்கே?" என்றாள் அம்மா. "ஒருத்தியாவே வா. போறும்."

அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ ஒடிஞ்சு போயிடுவியோன்னுதான் வாயைத் திறக்கலை" என்றாள். அவள் கண்ணில் அப்போதும் தண்ணீர் இல்லை. எப்படிப் போனாள், வலித்ததா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

பிறகு புத்தக அட்டைக்குள்ளிருந்து தனியாக ஒரு சீட்டை எடுத்தாள். அக்கா கடைசியாக வந்த வெள்ளிக்கிழமையுடையது. அந்தக் காகிதத்தில் எழுத்து நிற்காது. 'மகள்' போயே போய்விட்டது. '1' மட்டும் சாம்பலாக ஒரு கோடு.

"இது அழியாம பண்ண முடியுமாடி?"

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அம்மா சட்டென்று சீட்டை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"வேண்டாம். எழுதினா அது உன் கையாயிடும்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.