பின்னால் வரச் சொன்ன கை

இதில் ஒரு சொல்லும் நான் சேர்த்தது இல்லை. மொன்றியலின் லாசாலில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் வலன்ரைன் அண்ணைக்குப் போன செப்டெம்பரில் நடந்தது. கதை அளக்கிற ஆள் இல்லை அவர். வாயைத் திறக்கிறதே அபூர்வம். அந்த மனுசன் கோயில் வாசலில் வைத்து, அந்தோனியார்மேல் ஆணையாக என்னிடம் சொன்னார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அண்ணையும் மனைவி அக்னெஸ் அக்காவும் வீட்டில் இரண்டு ஊமைகள் மாதிரித்தான். மகள் சஜிதா கர்க்லாண்டில், தன் பாட்டில் இருக்கிறாள்.

"இஞ்சருங்கோ, ரெண்டு கிழமை கடற்கரைக்குப் போவம். அங்கையெண்டாலும் வாயைத் திறப்பீங்கள்," என்று அக்காதான் கெஞ்சினார்.

ரிமூஸ்கி ஊருக்கு அப்பால் ஒரு கடற்கரை. பதினேழு வருடமாக, படுத்துத் தங்கும் ட்ரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போன இடம். ஏழு மணித்தியால ஓட்டத்தில் அண்ணை ஒரு சொல் பேசவில்லை.

"அவளிலை கோவமில்லைத் தம்பி. அவள் இல்லாட்டி நானும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாய் வராது," என்றார் என்னிடம்.

போய்ச் சேர மாலை 4.10. பருவம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இவர்களைத் தவிர ஒரு குருவிகூட இல்லை. இருட்டவில்லை, ஆனால் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவது இவர்களுக்கு இருவர் வேலை. அக்கா பின்னால் நின்று கை காட்டி, "வாங்கோ... வாங்கோ... காணும்!" என்று நிறுத்தச் சொல்வார். அண்ணை இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து எடுப்பார். அன்றும் அக்கா மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

4.14. கண்ணாடியில் மஞ்சள் கோட்டு தெரிந்தது. கை வரச் சொன்னது. அண்ணை பின்னுக்கு எடுத்தார்.

நற... நற... சரளைக்கல் சத்தம்.

"வாங்கோ" என்ற குரலைக் காணவில்லை. வழியெல்லாம் பேசாமல் வந்ததற்குக் கோபமாக்கும் என்று நினைத்தார்.

பத்தடி போயாயிற்று. அந்த உருவம் கிட்ட வரவில்லை. அதே அளவு... அதே தூரம்...

கை இன்னும் வரச் சொன்னது.

நற... நற...

அப்போதுதான் அந்தக் கையைக் கவனித்தார். நாங்கள் ஆளைக் கூப்பிடும்போது உள்ளங்கை நிலத்தைப் பார்க்கும். அக்காவும் நாற்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுவார். இந்த உள்ளங்கை மேலே பார்த்தது. விரல்கள் தன் பக்கம் மடங்கின.

பிரேக்!

4.16.

கண்ணாடியில் யாரும் இல்லை.

"அக்னெஸ்!"

இறங்கி ஓடினார்.

அக்கா ட்ரெய்லருக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். சில்லுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

உயிர் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இழுத்து எடுத்துக் கட்டிப்பிடித்தபடி அண்ணை அழுதார். என்ன ஏது என்று கேட்கப் பயம். அரை மணித்தியாலத்தில் வண்டியைத் திரும்ப மொன்றியலுக்கு விட்டார். வழியெல்லாம் அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாராம்.

நாலாம் நாள் காலை. தேத்தண்ணியை நீட்டியபடி அக்கா தானாகவே சொன்னார்.

"அண்டைக்கு நீங்கள் வந்து, கீழை கம்பி தொங்குது, படுத்துப் பார் குஞ்சு எண்டனீங்கள். வண்டி நிக்குது, பயப்பிடாதை எண்டு தலையையும் தடவினீங்கள்."

பிரேக் போடும்வரை அண்ணை இருக்கையை விட்டு அசையவில்லை.

"குஞ்சு எண்டு செல்லமாக் கூப்பிட்டு எத்தினை வருசம்!" அக்காவின் கண் கலங்கியிருந்தது. சந்தோசத்தில்.

"இஞ்சருங்கோ... திரும்ப எப்ப போவம்?"