வேலுத்தாயிடம் இருந்த கோயில் சாவி

அம்மா இறந்து நூற்றுப்பத்தாவது நாள் ஒரு சனிக்கிழமை. அன்று எங்கள் ஊர்ச் சவேரியார் கோயிலைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள்.

ஜனவரிக் கடைசியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுற்றுவட்டாரத்துப் பழைய கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில்களைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டிக் கிடப்பவை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற கனகசபாபதி என்பவர் இதை நடத்துகிறார். மூன்று ஆண்டுகளாக எங்கள் கோயிலைச் சுற்றிக் காட்டியது என் அம்மா வேலுத்தாய். அவள் கிறிஸ்தவள் இல்லை. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள். சாவி அவளிடம் இருந்தது, அவ்வளவுதான்.

கனகசபாபதி எனக்கு ஓசூருக்குப் போன் செய்தார். "அம்மா எடத்துல நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுனா நல்லா இருக்கும்மா" என்றார். எனக்கு மின்பாதுகாப்புச் சோதனை செய்யும் நிறுவனத்தில் வேலை. வருகிறேன் என்றேன். பேசுவதற்காக அல்ல. மாரிச்செல்வியைப் பார்ப்பதற்காக.

மாரிச்செல்வி அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள். அம்மாவை மதினி என்று கூப்பிடுவாள். அந்த முறையில் எனக்கு அத்தை. அக்டோபர் ஆறாம் தேதி காலை அந்த அறை வெடித்தபோது அம்மா உள்ளே இருந்தாள். மாரிச்செல்வி வெளியே விழுந்து பிழைத்தாள். இடது காது போய்விட்டது. காயம் ஆறியதும் அதே கம்பெனிக்கே வேலைக்குத் திரும்பியிருந்தாள். விசாரணையில் வாக்குமூலம் கொடுத்த ஒரே தொழிலாளி அவள்தான்.

விசாரணை அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "பணியாளர் வேலுத்தாய், வாசலில் உள்ள தகட்டைத் தொடாமல் அவசரமாக அறைக்குள் நுழைந்த கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்."

மருந்து அறைகளின் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள். அது மண்ணோடு இணைந்திருக்கும். உடம்பிலும் துணியிலும் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் அதைத் தொட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போனால் விரல்நுனியில் ஒரு பொறி போதும். இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தவள் அதைத் தொட மறந்தாள் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லி மேல்முறையீட்டு மனு தயாரித்தேன். சாட்சி தேவை. மாரிச்செல்வி வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவள் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

அம்மாவுக்குப் பிறகு கோயில் சாவி அவளிடம் போயிருந்தது. திறந்துவைக்கும் நாளில் அவள் ஒளிய முடியாது.

அம்மா பிறந்தது மல்லாங்கிணறு பக்கம். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போன குடும்பம். பத்தொன்பது வயதில் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டாள். அப்பா வெள்ளைத்துரை நெஞ்சு நோயில் போனபோது எனக்குப் பதினொன்று. அதற்கு முன்பே அவள் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். காலை ஆறரைக்கு வேன். நகக்கண்ணில் எப்போதும் அலுமினியப் பவுடர் இருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. சோறு பிசையும் கை வெள்ளி மாதிரி மினுங்கும்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அடுத்தது கோயில் வளாகம். ஊரில் முன்பு அறுபது கிறிஸ்தவக் குடும்பம் இருந்ததாம். எனக்குத் தெரிந்து ஒன்பது. மற்றவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். கோயிலைப் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளை குடும்பமும் கிளம்பியபோது, சாத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் சாமியார், "ரெண்டு மாசத்துக்கு வச்சிருங்கம்மா" என்று சாவியை அம்மாவிடம் கொடுத்தார். பதினான்கு ஆண்டு ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் கூட்டிப் பெருக்குவாள். செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கு விளக்கு.

"வேலுத்தாயி கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாளோ?" என்று தெருவில் கேட்டால், "சாவிதான் எங்கிட்ட இருக்கு, சாமி அவுககிட்டதான் இருக்கு" என்பாள்.

கோயிலை அவள் ஒரு மருந்து அறையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். சுவர் இரண்டரை அடிக் கனம், சுண்ணாம்புச் சாந்து. "எங்க ரூம் செவரு இதுல கால்வாசி இல்ல" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். பர்மாத் தேக்கு உத்தரம், பலகையில் செய்த பீடம், நடுவில் புதைத்திருக்கும் வெளிநாட்டுச் சாமியாரின் கல்லறைக் கல், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் தன் குறையைச் சொல்வாள்: "மூணு கதவும் உள்பக்கமாத் தெறக்குது. அவசரத்துக்கு எப்படி ஓடுறது?" அதனால் உள்ளே ஆள் இருக்கும்போது மூன்று கதவையும் திறந்து கல்லை முட்டுக் கொடுத்து வைப்பாள்.

மணிக்கூண்டின் உச்சியிலிருந்து மேற்கு வாசல் ஓரமாக ஒரு செப்புப்பட்டை தரைக்கு இறங்குகிறது. இடிதாங்கி. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அது எதற்கு என்று அவளுக்குச் சொன்னேன். "அப்ப எங்க வாசத் தகடு மாதிரிதான்னு சொல்லு" என்றாள். மறுநாளிலிருந்து அதைத் தொடாமல் கோயிலுக்குள் போனதில்லை. வருகிறவர்களையும் தொடச் சொன்னாள். செல்போனை அணைக்கச் சொன்னாள். மருந்து அறையைப் போல இங்கேயும் இரும்பு ஆகாது என்று ஒரு முறை ஒரு பேராசிரியரின் இடுப்பு பெல்ட்டையே கழற்ற வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்து வந்தபோது வேன் ஆட்கள் மேற்கு வாசலில் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பட்டையைத் தொட்டு, சிலர் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே போனார்கள். வாசலில் மாரிச்செல்வி.

"செருப்ப அங்கன போடுங்க. போன அமத்துங்க. ஏக்கா, கொண்டையில ஊக்கு குத்தியிருக்கீகளா? எடுத்துருங்க."

"ஊக்குக்கும் சாமிக்கும் என்னம்மா?" என்றார் ஒரு பெரியவர்.

"சாமிக்கு ஒண்ணுமில்ல. எங்க மதினிக்கு ஆகாது."

என்னைப் பார்த்துவிட்டாள். பிறகு அடுத்த ஆளிடம், "தொட்டுட்டுப் போங்க சார்" என்றாள், குரல் இறங்கி.

கனகசபாபதி என் கையில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். மூன்று ஆண்டாக இதே தாள்தான் என்றார். கோயிலின் வரலாறு. கீழே: "நுழையும் முன் செப்புப்பட்டையைத் தொட்டு வணங்குவது இக்கோயிலின் தொன்மையான மரபு."

"இது எங்க அம்மா ஆரம்பிச்சது சார். பத்து வருஷத்துக்கு முன்னால."

அவர் முகம் சுருங்கியது. "ஐயய்யோ. ரெண்டாயிரம் தாள் அடிச்சுட்டோமே."

"மூணு தாள் கொடுங்க. இது எங்க அம்மா ஆரம்பிச்சதுன்னு கீழ எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மனுவோடு இணைக்க. கோயில் வாசலில்கூடத் தொடாமல் நுழையாதவள் மருந்து அறை வாசலில் மறந்திருப்பாளா? இதுதான் என் வாதம். நல்ல வாதம் என்றே நினைத்திருந்தேன். என்னைப் பேசச் சொன்னபோது, சுவரின் கனத்தையும் உத்தரத்தின் நீளத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வேன் அடுத்த ஊர்க் கோயிலுக்குக் கிளம்பியது. அடுத்த வேன் மூன்று மணிக்கு. மாரிச்செல்வி துடைப்பத்தை எடுத்தாள். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

"அத்தை."

திரும்பவில்லை. இடது பக்கம் நிற்கிறேன் என்று புரிந்து வலது பக்கம் போனேன்.

"அத்தை, உக்காருங்க."

தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டியா தாயி?"

"இல்ல. எங்க அம்மா தகட்டத் தொடலன்னு நீங்க சொன்னீகளா?"

"கேட்டாக. சொன்னேன்."

"பொய்தான அது? கம்பெனிக்காரங்க சொல்லச் சொன்னாங்களா?"

அவள் சேலை முந்தியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"பொய் இல்ல வாணி. மதினி அன்னிக்குத் தொடல."

கையில் இருந்த மூன்று தாளையும் தரையில் வைத்தேன்.

"நான் சொல்லுதேன். ஊட ஊட பேசாத. பேசினா எனக்கு நிண்டுரும்."

சொன்னாள். அக்டோபர் நான்காம் தேதி, சனிக்கிழமை. தீபாவளிக்குப் பதினாறு நாள். மூன்று மணிக்கு மழை பிடித்துவிட்டது. கலந்த மருந்தில் ஒரு தட்டு மிச்சம். மிச்ச மருந்தை அன்றைக்கே எடுத்துப்போய் எரிகுழியில் அழிக்க வேண்டும், அறையில் விட்டுவைக்கக் கூடாது. மழையில் குழி நிறைந்திருந்தது. வேன் கிளம்புகிறது என்று போர்மேன் கத்தினார். அம்மா முன்பே வேனில் ஏறிவிட்டாள்.

"‘மூடி வச்சுட்டு வாளா, திங்கக்கெழம மொத வேலையா அதச் செலுத்திருவோம்’னாரு. நானும் சரின்னுட்டேன். சாக்கு ஒண்ணு கெடந்துச்சு. போட்டு மூடிட்டு ஓடியாந்துட்டேன். சாக்கு நனஞ்சிருந்துச்சு வாணி. கவனிக்கல. மழைக்கு எல்லாந்தான் நனஞ்சிருந்துச்சு."

எனக்கு அதற்கு மேல் தேவையில்லை. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் மெல்லச் சூடேறும். ஞாயிறு முழுக்க ஏறியிருக்கும். பொறியே வேண்டாம்.

"திங்கக்கெழம நான்தான் மொதல்ல போனேன். தகட்டத் தொட்டுட்டுத்தான் போனேன். சாக்கத் தூக்குனா ஆவியடிக்குது. அழுகுன முட்ட கணக்கா நாத்தம். எனக்குக் காலு வரல. நின்ன எடத்துலயே நிக்கேன். மதினி வெளிய கால் கழுவிக்கிட்டு இருந்தாக. பொகையப் பாத்துட்டாக. ‘ஏட்டி மாரி, வெளிய வாட்டி’ன்னு கத்துனாக. நான் அசையல. ஓடியாந்தாக. தகட்டத் தொடல, ஒண்ணுந் தொடல. நேரா வந்து என்னப் பிடிச்சு எதுத்த கதவு வழியாத் தள்ளுனாக. அம்புட்டுத்தான் தெரியும்."

முட்டுக் கொடுத்திருந்த கதவு காற்றில் லேசாக ஆடியது.

"இத ஏன் சொல்லல?"

"தொட்டாளா தொடலையான்னு மட்டுந்தான் கேட்டாக. ஏன்னு யாரும் கேக்கல. நானாச் சொன்னா, சாக்கு போட்டது யாருன்னு வரும். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு."

"போர்மேன்தான சொன்னாரு."

"அவரு சொன்னாருன்னு எழுத்துலயா இருக்கு? போட்டது என் கை."

திட்ட வேண்டும் போல இருந்தது. அவள் தானாகவே முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்பது போல. அம்மா தள்ளிவிட்ட ஆள். அவளுக்கு ஏதாவது ஆனால், அம்மா உள்ளே ஓடியதில் மிச்சம் எதுவும் இல்லை. பைக்குள் இருந்து வெள்ளைத்தாள் எடுத்தேன்.

"எழுதட்டுமா அத்தை? நீங்க வேணாம்னா எழுதல. அப்புறம் வரவும் மாட்டேன்."

இடுப்பில் இருந்த கோயில் சாவியை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு, "நெதம் இந்தச் சாவியத் தூக்கிட்டு எம்புட்டு நாளைக்கு இங்கன வாரது" என்றாள். "எழுது."

வரிசையாக எழுதினேன். சனிக்கிழமை, மணி, மழை, எரிகுழியில் தண்ணீர், ஒரு தட்டு மருந்து, போர்மேன் சொன்னது, நனைந்த சாக்கு. தொழிலில் இப்படி நூறு அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது வரியில் பேனா நின்றது. அந்த வரியை அழிப்பதற்குத்தான் மூன்று மாதமாக அலைகிறேன். இப்போது அதை என் கையாலேயே எழுத வேண்டும். எழுதாமல் அடுத்த வரிக்குப் போக வழியில்லை.

"வேலுத்தாய் வாசல் தகட்டைத் தொடாமல் அறைக்குள் நுழைந்தார்."

அதன் கீழே: "உள்ளே இருந்த என்னை வெளியேற்றுவதற்காக."

"வாசி" என்றாள் மாரிச்செல்வி, வலது காதைத் திருப்பி. வாசித்தேன். ஒன்பதாவது வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். மறுபடி வாசித்தேன். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, பெயரை முழுதாக எழுதினாள்.

"திங்கக்கெழம வேனு வந்தா ஏறணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

இது மார்ச். மாரிச்செல்வியின் வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பிய மனு பெறப்பட்டது என்று ஓர் அட்டை வந்திருக்கிறது. விளக்கம் கேட்டு மனுவின் நகல் கம்பெனிக்குப் போயிருக்கிறது. நகல் போன மறுவாரமே, காது கேளாதவரை மருந்து அறையில் வைக்க முடியாது என்று மாரிச்செல்வியை வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிறாள். போன் செய்தால் எடுக்கிறாள். முதலில் "சாப்பிட்டியா" என்கிறாள், அடுத்து "பதில் வந்துச்சா" என்கிறாள். இல்லை என்கிறேன். அறிக்கையில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.